வயல் முடிகிற இடத்தில் ஒரு ராச்சாப்பாடு

லால்குடி விவசாயிக்கு ஒருநாள் ஊரைவிட்டுக் கிளம்புவதே பெரிய காரியம். மாட்டை யார் பார்ப்பது, மடையை யார் திருப்புவது? பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறினால், திருச்சியில் காரைக்கால் ரயிலுக்கு மாறி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய்விடலாம். 1860-களின் தொடக்கத்தில் போட்ட பாதை இது. வழியெல்லாம் காவிரி பாயும் நெல்வயல். அது முடிகிற இடத்தில் கடல்.

பொழுது சாய்ந்ததும் கடற்கரைப் பக்கத்துக் கடையில் சுடச்சுடச் சோறு, மீன் குழம்பு, வறுத்த மீன். ஒரே இலையில் வயலும் கடலும் சேர்ந்துவிடுகின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அறுத்த வயலை ஆறப்போடுவது மாதிரிதான். அந்த 61 நாளும் மீனவர் வீட்டில் வருமானம் குறைவு.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது படகுகள் உடைந்தன, வயல்களில் உப்பு ஏறியது. மழைநீரைத் தேக்கி வடித்து, ஜிப்சம் இட்டு, பசுந்தாள் உரம் மடக்கி உழுது மண்ணை மீட்டார்கள். மீன் விலையில் பேரம் பேசும்போது இதையெல்லாம் விவசாயி நினைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் ரயிலின் நேரத்தை இறங்கியதுமே நிலையத்தில் கேட்டுவைப்பது நல்லது. விடிந்தால் பால் கறக்க வேண்டுமே!