பத்தரை நிமிட மௌனம்

ஒரு பெரிய கணக்கை நூறு கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் நூறும் ஒன்றாகிவிட்டது என்றுதான் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒவ்வொன்றும் தன் நினைவகத்தோடு தனியாகத்தான் இருக்கிறது. பக்கத்து ரேக்கில் இருக்கும் நோடு, அதாவது இன்னொரு கணினி, என்ன கண்டுபிடித்தது என்று இதற்குத் தானாக ஒருநாளும் தெரியாது. அது சொல்ல வேண்டும், இது வாங்கிக்கொள்ள வேண்டும். 1994இல் வெளியான எம்.பி.ஐ. என்ற நியமம் முப்பது வருஷமாக உலகத்து சூப்பர் கம்ப்யூட்டர்களை இந்த இரண்டு வேலைகளை அடித்தளமாக வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறது: அனுப்பு, பெற்றுக்கொள்.

தொண்ணூறுகளில் இந்த மாதிரி நிரல் எழுதிப் பிழைத்தவன் நான். பூனாவில் 1988இல் சி-டாக் என்ற அரசு கணினி ஆராய்ச்சி மையம் தொடங்கி, 1991இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்து, அமெரிக்கா தர மறுத்த இயந்திரத்துக்கு நம்மவர்கள் நம் மண்ணிலேயே பதில் சொன்ன காலம் அது. பரமுக்குள் இருந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லு ஒவ்வொன்றுக்கும் நான்கே இணைப்புகள். நான்கு பக்கத்து அண்டைக்காரர்களோடு மட்டும் நேரடிப் பேச்சு. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: கொடுப்பவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான், வாங்குபவன் வந்து வாங்கின பிறகுதான் இருவரும் அடுத்த வேலைக்குப் போகலாம். எறிந்துவிட்டுப் போகிற பழக்கம் அந்தச் சில்லுக்குக் கிடையாது. அந்த ஒழுக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

இப்போது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓய்வில் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டு ஐ.ஐ.டி.யில் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவார்கள். அவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "சார், புரோகிராம் ஓடவும் மாட்டேங்குது, எரரும் காட்ட மாட்டேங்குது. அப்படியே நிக்குது." திறந்து பார்த்தால், இரண்டு நோடுகளிலும் முதல் வரி பெற்றுக்கொள், இரண்டாவது வரி அனுப்பு. அது அனுப்பட்டும் என்று இதுவும், இது அனுப்பட்டும் என்று அதுவும் காத்துக் கிடக்கின்றன. மின்விசிறி சுற்றுகிறது, கரன்ட் பில் ஏறுகிறது, வேலை ஒரு அடி நகரவில்லை. இதைத் திருத்த ஒரு வரியை மேலே தூக்கிப் போட்டால் போதும். இருவரில் ஒருவர் முதலில் பேசியாக வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று இருக்கிறது. இரண்டு நோடுகளும் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு வாங்கும்படி எழுதியிருந்தால், செய்தி சின்னதாக இருக்கும்வரை பிரச்சினையே தெரியாது. நடுவில் உள்ள இடைக்கிடங்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் நன்றாக ஓடும். ஒருநாள் செய்தி கிடங்குக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகும். அன்றைக்கு இரண்டும் அனுப்பிய கை அனுப்பியபடியே உறைந்து நின்றுவிடும். என் வயதில் எத்தனையோ குடும்பங்களை இப்படிப் பார்த்துவிட்டேன். மாங்காய், தேங்காய், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சுமுகமாகப் போய்வரும். பாகப்பிரிவினை என்ற பெரிய செய்தி வரும் நாளில்தான், இத்தனை வருஷமும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாங்கவே இல்லை என்று தெரியவரும். சின்ன விஷயம் ஓடுவதை வைத்து உறவு சரியாக இருக்கிறது என்று தீர்மானிக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

வானிலைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். பாலக்காடு ஒரு நோடிடம், கோயம்புத்தூர் இன்னொன்றிடம் என்று வைத்துக்கொள்வோம். நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய், அதன் வழியே மேற்கிலிருந்து காற்று. கோயம்புத்தூர் நோடுக்குப் பாலக்காட்டின் முழு நிலவரமும் வேண்டாம். வாளையாறு ஓரத்தில் உள்ள ஒரு வரிசைக் கட்டங்கள் போதும். ஆனால் ஒவ்வொரு படி முன்னேறும் முன்பும் அந்த ஓரம் புதிதாக வந்தாக வேண்டும். வரவில்லையா? முதல் படியில் எல்லைக் கட்டம் மட்டும் தவறும். அடுத்த படியில் அதற்கு உள்ளே இருப்பது. அப்படியே ஒவ்வொன்றாகத் தவறு நடு ஊருக்கு வந்து சேரும். நடுவில் இருப்பவனுக்குத் தன் கணக்கு பிசகியது கடைசியில்தான் தெரியும்.

ஓரத்தில் வாழ்கிற மக்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். அந்த நினைப்பு என்னை இடுக்கி மாவட்டத்து மலைகளுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே போகும் முன் கணினி உலகத்திலிருந்து இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தரவுகளைப் பல இயந்திரங்களில் பிரித்துச் சேமிக்கும் ஹடூப் என்ற அமைப்பில் ஒவ்வொரு நோடும் 3 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று தலைமை நோடுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் தலைமை நோடு கோபிப்பதில்லை, சமாதானமும் சொல்லிக்கொள்வதில்லை. பத்தரை நிமிடம் பார்க்கும். அதற்குள் குரல் வராவிட்டால் அந்த நோடு போய்விட்டது என்று முடிவுகட்டி, அதனிடம் இருந்தவற்றை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கிவிடும். அங்கே மௌனமும் ஒரு செய்திதான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு சுமார் 10.45 மணிக்கு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையைத் தாண்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் மேல் விழுந்தது. உள்ளே தூங்கியவர்கள் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கொட்டும் மழையில் கரன்ட் இல்லை, தொலைபேசி இல்லை. அங்கே நடந்தது வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்தான். பெரியவாரைப் பாலம் உடைந்திருந்ததால் மீட்பு வண்டிகள் மேலும் தாமதித்தன. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேரை அந்த மலை கொண்டுபோயிற்று. மண்ணுக்கடியில் சிக்கியவருக்கு முதல் சில மணி நேரம்தான் உயிர். அந்த மணிகள் முழுவதும் ஒரு லயம் மௌனமாக இருந்தது. அதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மழைக்காலத்தில் அங்கிருந்து சத்தம் வராதது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

இன்னொரு இரவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2022 செப்டம்பர் 21 அதிகாலை, எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் பரம்பிக்குளம் அணையில் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து போயிற்று. விநாடிக்குச் சுமார் 20,000 கனஅடி தண்ணீர் பாய்ந்தது. அணை நிற்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு, தண்ணீர் இறங்கிய வழி பெரிங்கல்குத்து, சாலக்குடி. மொழி இரண்டு, அரசு இரண்டு, மாவட்டம் இரண்டு. இருந்தும் தகவல் தாண்டித் தாண்டிப் போனது. கீழே பெரிங்கல்குத்து அணையில் மதகுகளைத் திறந்தார்கள், சாலக்குடி ஆற்றங்கரை ஜனங்களை எச்சரித்தார்கள். அணைக்கு இரவெல்லாம் காவல் உண்டு, ஒன்று நடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற வரிசை உண்டு, அந்தப் பக்கம் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் உண்டு. லயத்துக்கு இவை எதுவும் இல்லை. தண்ணீரைக் கண்காணிக்கிற அளவுக்காவது மனிதரைக் கண்காணித்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவே இல்லை.

பெற்றோருக்குப் போன் பண்ணியாகிவிட்டதா என்று ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளை நான் கேட்பதில்லை. அவர்கள் எடுத்தார்களா, எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். அனுப்பினேன் என்பது பாதி வேலை. "மெசேஜ் போட்டேன் சார், பார்க்கலை போல" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களை எனக்குக் கண்டிக்கத் தோன்றும், கண்டித்தும் இருக்கிறேன்.

மலைத் தோட்டங்களை நடத்துகிறவர்களிடமும், இரு மாநில அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஜூன் முதல் தென்மேற்குப் பருவம் ஓயும்வரை ஒவ்வொரு லயத்திலும் பேட்டரியில் ஓடும் ஒரு வயர்லெஸ் கருவி, அதை இயக்கப் பழகிய இரண்டு பேர். இரவில் மணிக்கொருமுறை கீழே கூப்பிட்டு "இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை. கீழே அதைக் கேட்டுப் பதிவேட்டில் குறிக்க ஒருவர். அந்த வார்த்தை வராத இரவில் எந்த ஆள், எந்த வண்டியில், எந்தப் பாதையில் ஏற வேண்டும், பாலம் இல்லாவிட்டால் மாற்றுவழி எது என்று மழைக்கு முன்பே எழுதி, கையெழுத்து வாங்கி, ஆபீஸ் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.