ஊருக்கு ஒரு அணி வேண்டும்!



கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் எல்லோரும் படிப்பீர்கள். வாலிபால் என்றால் 'ஹாஸ்டல் பசங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பி விடுவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று வருடமாக நம் கல்லூரி அணிக்கு செட்டராக ஆடியவன் நான். டிப்ளமோ முடியப் போகிறது. 'இதற்கப்புறம் யாருக்காக ஆடுவது?' என்ற கேள்வி இப்போதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

உலகக் கோப்பை தெரியும், ஒலிம்பிக் தெரியும். உலக கிளப் சாம்பியன்ஷிப் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இதில் மோதுவது நாடுகள் அல்ல, கிளப்புகள். ஆண்களுக்கான இந்தப் போட்டி 1989-ல் இத்தாலியின் பார்மா நகரத்தில் ஆரம்பித்தது. முதல் கோப்பையும் அந்த ஊர் கிளப்புக்கே! 1992 வரை நடந்த நான்கு போட்டிகளிலும் இத்தாலிய கிளப்புகள்தான் ஜெயித்தன. அப்புறம் 16 ஆண்டுகள் போட்டியே இல்லை. 2009-ல் கத்தார் நாட்டு தோஹாவில் மறுபடி தொடங்கினார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஆட்டமே மாறிவிட்டது. முன்பு சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் பாயிண்ட், 15-க்கு ஒரு செட். ஐந்தாவது செட்டுக்கு மட்டும் வேறு கணக்கு. இன்று ஒவ்வொரு ரேலிக்கும் பாயிண்ட், 25-க்கு செட். வேறு நிறச் சட்டை போட்ட லிபரோவும் அப்போது கிடையாது.

இப்பேர்ப்பட்ட போட்டி 2023 டிசம்பர் 6 முதல் 10 வரை பெங்களூர் கோரமங்கலா உள்விளையாட்டரங்கில் நடந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நான் அப்போது முதலாம் ஆண்டு. ஓசூரில் இருக்கும் மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, 10-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

செல்போனில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு ஐயா! ஜம்ப் சர்வீஸ் போடும்போது பந்து கையில் படுகிற சத்தம் வெடி மாதிரி கேட்கிறது. நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல். மைதானத்தின் மொத்த நீளமே 18 மீட்டர். எடுக்க நிற்கிறவனுக்குக் கிடைப்பது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே! அதற்குள் பந்தைப் பார்த்து, நகர்ந்து, செட்டர் தலைக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறான்.

நான் அன்றைக்கு ஸ்மாஷ் அடிப்பவர்களைப் பார்க்கவே இல்லை. இத்தாலியின் பெருஜியா அணி செட்டர் ஜியானெல்லியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து முன்னால் போகுமா, பின்னால் போகுமா என்று எதிரணி பிளாக்கர்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. பிரேசிலின் மினாஸ் அணியை 3-0 என்று முடித்துவிட்டது பெருஜியா.

நம் நாட்டு அணி? பிரைம் வாலிபால் லீக்கில் 2023-ல் சாம்பியனான அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் கலந்துகொண்டது. கேப்டன் யார் தெரியுமா? முத்துசாமி அப்பாவு, நம் தமிழ்நாட்டுக்காரர். அதிலும் செட்டர்! என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் பாருங்கள். ஆனால் லீக் சுற்றில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோல்வி.

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் கேட்டார்: "ஏன்டா மாப்ளே, நம்ம பசங்களுக்கு உயரம் பத்தலியா?"

"உயரமும்தான் மாமா. ஆனா அது மட்டும் இல்ல. அவங்க வருஷம் பூரா ஒண்ணா ஆடுறாங்க. நம்ம லீக் ஒரு மாசத்துல முடிஞ்சுடுது."

உண்மை அதுதான். நம் லீக் அந்த வருடம் பிப்ரவரி 4-ல் தொடங்கி மார்ச் 5-ல் முடிந்தது. அதில் ஒரு செட்டுக்கு 15 பாயிண்ட்தான். இத்தாலிய லீக்கோ அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு கோடை வரும்வரை ஓடுகிறது. ஒரு செட்டருக்கும் ஸ்பைக்கருக்கும் நடுவில் பேச்சில்லாத ஒரு பழக்கம் வரவேண்டும். அது ஒரு மாதத்தில் வருமா?

இன்னொரு செய்தி. ட்ரெண்டோ என்று இத்தாலியில் ஒரு மலையோர ஊர். ஜனத்தொகை ஏறக்குறைய 1.2 லட்சம், அவ்வளவுதான். அந்த ஊர் கிளப் 2000-ல்தான் தொடங்கப்பட்டது. 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன்! 2018-ல் ஐந்தாவது முறை. நம் ஓசூரைவிடச் சின்ன ஊர் நண்பர்களே!

நம் ஊரில் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடம் வரை பள்ளி அணி, டிப்ளமோ வரை கல்லூரி அணி. அப்புறம் ரயில்வே, ராணுவம், வங்கி என்று ஏதாவது ஒரு துறை கூப்பிட்டால் உண்டு. கூப்பிடாவிட்டால் பொங்கலுக்கு மின்னொளிப் போட்டியில் ஒரு ராத்திரி ஆடிவிட்டு, ஷூவைப் பரண்மேல் போட வேண்டியதுதான். எங்களுக்கு முன்னால் படித்த சீனியர் அண்ணன்கள் எத்தனை பேர் அப்படிப் போட்டுவிட்டார்கள்! கம்பெனி, ஷிப்ட், ஓவர்டைம்...

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எந்தத் துறையும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. "வெளையாட்டு சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்கிறார். லேத் பட்டறையில் இருபது வருடமாக நின்று வேலை செய்கிற மனிதர், கேட்பதில் தப்பே இல்லை. "போடாதுப்பா. சோறுக்கு வேலைக்குப் போறேன். ஆனா வெளையாட்டை விடமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷூவுக்குப் புது லேஸ் வாங்கி வைத்திருந்தார்.

அதனால் ஒரு வேண்டுகோள். படிப்பு முடிந்து சிப்காட்டிலோ பக்கத்து ஊர்களிலோ வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பிப்போம். இயந்திரவியல், மின்னியல், சிவில் என்ற பிரிவெல்லாம் வேண்டாம். உலகக் கோப்பைக்குப் போகப்போகிறோம் என்று நான் கதை விடவில்லை. அடுத்த வருடம் முதலாம் ஆண்டு சேரும் ஒரு பையன், 'டிப்ளமோ முடித்த பிறகும் ஆட ஒரு இடம் இருக்கிறது' என்று தெரிந்து ஆடவேண்டும். எனக்கு அது போதும்.

ஷிப்ட் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். நெட் நான் கட்டுகிறேன். பந்துக்கான காசை மட்டும் பங்கு போட்டுக்கொள்வோம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை