கச்சான் சரையும் கணக்குக் கொப்பியும்

எதையாவது வாசிக்காமல் என்னால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. அது புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் முன் ஆசனத்தின் முதுகில் யாரோ கீறி வைத்தது, மருந்துப் போத்தலின் லேபல், சீனி சுற்றி வந்த கடதாசி, மதிலில் பாதி கிழிந்து தொங்கும் விளம்பரம், எது கண்ணில் பட்டாலும் வாசித்தே தீருவேன். மேசையில் விரித்திருக்கும் பழைய பத்திரிகையைத் தலைகீழாக வாசித்தபடி சாப்பிடுவதும் வழக்கம். "சோத்தப் பாத்துத் தின்னு மகள்" என்று உம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல தீனி மாத்தளை பஸ் தரிப்பிடத்தில் கிடைக்கும். கச்சான் சரையைத்தான் சொல்கிறேன். பழைய கொப்பித் தாளிலோ தவணைப் பரீட்சைத் தாளிலோதான் அதைச் சுற்றியிருப்பார்கள். நண்பிகள் கச்சானை முடித்துக் கடதாசியைக் கசக்கும்போது நான் என்னுடையதைப் பிரித்து, மடியில் வைத்து நீவிக்கொண்டிருப்பேன். ஒரு தடவை பசுவைப் பற்றிய சிங்களக் கட்டுரை கிடைத்தது. ஏழு வரியோடு பசு நின்றுவிட்டது. இன்னொரு தடவை எட்டாம் தரக் கணிதத் தாள். 23 புள்ளிகள், அடியில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடுகள். இந்தப் பிள்ளை அடுத்த தவணையில் எத்தனை எடுத்திருப்பாள்? தாளைப் பழைய கடதாசியோடு நிறுத்து விற்றது யார்? வீட்டுக்குத் தெரியாமல் அவளே விற்றிருந்தால் கெட்டிக்காரிதான். தாளின் தலைப்பில் முழுப் பெயரும் இருந்தது. அந்தத் துண்டை மட்டும் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்து வந்தேன்.

இப்படிச் சேர்ந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. சரைத் தாள்கள், பஸ் டிக்கெட்டுகள், உக்குவெலையிலிருந்து மாத்தளைக்குப் போன தடித்த அட்டை ரயில் டிக்கெட் ஒன்று. நானா அதைக் "குப்பை டின்" என்பார். அவருடைய அலமாரியில் கிடக்கும் பழுதான ஹெட்ஃபோன்கள் எத்தனை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

சீகிரியா எங்கள் மாத்தளை மாவட்டத்துக்குள் இருக்கிறது என்பதை வெளியூர்ப் பிள்ளைகள் இலேசில் நம்புவதில்லை. கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே போனபோது எல்லோரும் ஓவியங்களைப் பார்க்க அவசரப்பட்டார்கள். நான் கண்ணாடிச் சுவரின் முன்னால் நின்றுவிட்டேன். அந்த ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் மனதில் பட்டதைப் பாட்டாக அந்தச் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எழுதியவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் நூலாக வெளியிட்டார். அதே சுவரில் 2015ஆம் ஆண்டு தன் பெயரைக் கீறிய ஓர் இளம் பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கியதும் எனக்குத் தெரியும். "எத்தனை வருஷம் போனால் கிறுக்கல் சரித்திரமாகும் டீச்சர்?" என்று கேட்டேன். "முதலில் படியில் ஏறும், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றார்.

திரும்பும் வழியில் அளுவிகாரையில் இறங்கினோம். பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. ஓலையில் எழுதுவது எப்படி என்று எங்களுக்கும் காட்டினார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஓலையில் எதுவுமே தெரியவில்லை. கறுப்பு மையைப் பூசித் துடைத்த பிறகுதான் கீறல்களுக்குள் மை தங்கி எழுத்து மேலே வந்தது. இது பிறகு எனக்கு வேறொரு வேலைக்கு உதவியது.

வரக்காமுரையில் எங்கள் வாப்பும்மாவின் வீட்டோடு ஒட்டி முன்பு ஒரு சின்னக் கடை இருந்தது. கடை மூடி நெடுங்காலமாகிவிட்டது. கணக்குக் கொப்பி மட்டும் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தது. சென்ற நோன்புக்கு முன் பெட்டியைத் துடைக்கும்போது அது கையில் அகப்பட்டது. திறந்தால் பக்கம் பக்கமாக அரபு எழுத்து. ஏதோ துஆக் கொப்பி என்று நினைத்து முத்தமிட்டு மேசையில் வைத்தேன். வாப்பும்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது மொளகுக் கணக்கு மகள்!"

வாப்பும்மா பாடசாலைக்குப் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் லெப்பையிடம் ஓதப் போனார், அரபுத்தமிழ் நன்றாக எழுதப் பழகினார். அரபு எழுத்தில் தமிழை எழுதுவதுதான் அரபுத்தமிழ். அரபில் இல்லாத ப, ட, ண போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளை இட்டுப் புது எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். எ, ஒ என்ற உயிர்களுக்கும் தனிக் குறி உண்டு. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் பத்ஹுத் தய்யான் என்ற மார்க்கச் சட்ட நூலை எழுதியது இந்த எழுத்தில்தான். தமிழ் எழுத்துத் தெரியாத எத்தனையோ பெண்கள் இந்த வழியாக மார்க்கத்தையும் படித்தார்கள், மிளகுக் கணக்கையும் எழுதினார்கள்.

குர்ஆன் ஓதத் தெரிந்ததால் எழுத்தைக் கூட்டுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மீமுக்குக் கஸ்ரா 'மி', பத்ஹாவோடு 'ள' போல ஒன்று, அடுத்தது 'கு'. வாய் அரபு ஓதுகிறது, காதில் "மிளகு" விழுகிறது! உடம்பு ஒரு கணம் சிலிர்த்துப்போனது. 'ழ'வுக்கு என்ன செய்திருப்பார்கள் என்று தேடினேன். ழாத் எழுத்தின் கீழே ஒரு புள்ளி, அவ்வளவுதான். தமிழகத்தில் ரமலான் என்று எழுத நாம் மட்டும் ரமழான் என்று எழுதுவது ஏன் என்று நெடுநாளாக யோசித்தேன். ழாத்தும் ழகரமும் எங்கள் மூத்தவர்களின் வாயில் அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கின்றன.

வாப்பும்மாவின் இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அவரால் இப்போது கொப்பியைப் பார்க்க முடியாது. அந்த எழுத்தைச் சரளமாக வாசிக்கக்கூடியவர் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் லீவு நாட்களில் அஸர் தொழுதபின் இருவரும் திண்ணையில் உட்காருகிறோம். நான் எழுத்தைக் கூட்டிச் சொல்கிறேன், அவர் அதைச் சொல்லாக்குகிறார். கராம்பு, சாதிக்காய், கொக்கோ, எல்லாம் ராத்தல் கணக்கில். பென்சில் மங்கிய பக்கங்களில் டோர்ச்சைச் சரித்துப் பிடிப்பேன். அழுத்தி எழுதிய பள்ளம் நிழலாகத் தெரியும். அளுவிகாரையில் படித்த பாடம் அது.

1974ஆம் ஆண்டுப் பக்கங்கள் வந்தபோது கணக்கின் முகம் மாறியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம், மரவள்ளிக் கிழங்கில் வயிறு நிரப்பிய காலம். விற்றது குறைவு, கடன் அதிகம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அரைக் கொத்து அரிசி, கால் ராத்தல் சீனி. எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. மூன்றாவது பெயரைக் கூட்டி முடிப்பதற்குள் வாப்பும்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பேரச் சத்தமா வாசிக்காத மகள். அந்த ஊட்டுப் புள்ளகள் இப்ப பெரிய ஆக்களா ஈக்காங்க. அவங்கட உம்மாமார் நம்மட வாசலுக்குக் கொட்டப் பெட்டியோட வந்தது அவங்களுக்குத் தெரியத் தேவல்ல."

"காசு தந்தாங்களா வாப்பும்மா?"

"சிலர் தந்த. சிலருக்கு ஏலல்ல. அத அல்லாஹ்வுக்காக உட்டாச்சி."

"அப்ப ஏன் இவ்வளவு காலம் கொப்பிய வெச்சீந்தீங்க?"

அதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் எழுதினது வேறெங்க ஈக்கு?" என்றார்.

கொப்பியை எரித்துவிடலாம் என்று வாப்பா சொல்கிறார், அவருடைய பயம் நியாயமானது. வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். கடைசியில் வாப்பும்மாவே ஒரு வழி சொன்னார். நான் இப்போது ஒரு புது சீ.ஆர். கொப்பியில் அத்தனையையும் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகிறேன். பொருள், அளவு, திகதி எல்லாம் உண்டு, பெயர் வரும் இடத்தில் ஒரு கோடு. பழைய கொப்பி அவர் இருக்கும்வரை அவருடைய பெட்டியில் இருக்கும். அதன் பிறகு என்ன செய்வது என்பதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

இப்போது 31ஆம் பக்கத்தில் நிற்கிறோம். சாதிக்காய்க்குப் பக்கத்தில் இருந்த தொகையைப் பூச்சி அரித்துவிட்டது. வாப்பும்மா மூன்று ராத்தல் என்கிறார். அடுத்த வரியின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டுதான் வருகிறது. கண் ஒப்பரேஷன் முடியட்டும், தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த இடத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.