மூணு பீஸ் குறையுது, சார்!

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. விசாரணைக் கமிஷன் வைத்ததில் தெரிந்த உண்மை இது: அம்மா ருசி பார்த்திருக்கிறாள். உப்பு இல்லை. ஜாடி காலி. புதுப் பாக்கெட் எடுக்க உள்ளே போயிருக்கிறாள். அந்த இடைவெளியில் என் மனைவி வந்து ருசி பார்த்திருக்கிறாள். உப்பு இல்லை. கல் உப்பு டப்பாவிலிருந்து ஒரு கை போட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள். அம்மா திரும்பி வந்து தன் பங்குக்கு ஒரு கை.

இருவர் மேலும் குற்றமில்லை. இருவருமே ருசி பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். சாம்பார்தான் தப்பு.

நான் மோர் சாதத்துக்குத் தாவிவிட்டேன். இதே தப்பைத் தண்டலத்தில் நானும் செய்துவைத்திருக்கிறேன், அதற்கு வேறொருவன் தண்டனை அனுபவிக்கிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தண்டலம் தெரியுமல்லவா? பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. காலையில் இன்ஜினீயரிங் கல்லூரி பஸ்களும் கம்பெனி பஸ்களும் முட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். காருக்குள் போகும் ஒயர்களின் நுனியில் மாட்டுகிற செப்பு முனைகள் செய்வார்கள். இரண்டு லைன். இரண்டிலிருந்தும் முனைகள் ஒரே தொட்டியில் விழும். விழும்போது ஒரு சென்சார் பார்த்து "ஒண்ணு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் மொத்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டும். கூட்டுகிற புரோகிராம் என்னுடையது.

அதை லினக்ஸின் கெர்னலுக்குள் எழுதியிருந்தேன். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவறை. மற்ற புரோகிராம்கள் எல்லாம் பக்தர்கள். வெளியே நின்று கைகூப்ப வேண்டும். மெமரியில் எந்த இடம் யாருக்கு, ப்ராஸஸர் யார் வேலையை முதலில் பார்ப்பது என்று முடிவாவது உள்ளே. வெளியே தப்பு செய்தால் கெர்னல் கழுத்தைப் பிடித்துத் தள்ளும். உள்ளே இருப்பவனே தப்பு செய்தால் தட்டிக்கேட்க ஆளில்லை.

நாலு வருஷம் ஒரு பீஸ் பிசகவில்லை. பிறகு பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிது வந்தது. பழையதில் ஒரு ப்ராஸஸர், புதியதில் இரண்டு. சந்தோஷமாக என் புரோகிராமை அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பில்லையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் ஃபோன். "சார், தினம் மூணு, நாலு பீஸ் குறையுது. காலையில 4,000 எண்ணிக் குடுக்கறோம். உங்க மெஷின் 3,997ங்குது."

"எண்ணித்தானே சொல்லுது? மெஷின் பொய் சொல்லாது" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

செம்புக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு. ஆகவே திருட்டு என்று முடிவாயிற்று. தொட்டிப் பக்கம் நிற்பது ஒரே ஆள். செய்யாறு பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் வேலை. தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் அவன் பையைக் கொட்டினார்கள். பாக்கெட்டை வெளியே இழுத்தார்கள். டிபன் டப்பாவைத் திறந்து, மிச்சச் சோற்றைக் கிளறிப் பார்த்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறக் காத்திருந்த நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் "கெட்டிக்காரத் திருடன்" என்று பட்டம் வேறு.

ஒருநாள் நான் போயிருந்தபோது அவன் என்னிடம் வந்தான். "சார், நான் ஒண்ணுகூட எடுக்கல சார். ஊருக்கு ஃபோன் பண்ணி அம்மாகிட்ட சொல்லிடுவோம்னு மிரட்டறாங்க. நீங்களாவது சொல்லுங்க சார்."

நான் என்ன சொல்ல? அன்றிரவு தொட்டியைத் தரையில் கவிழ்த்து எண்ணினேன். நூறு நூறாகக் குவித்தேன். நாற்பது குவியல். மிகச் சரியாக 4,000. சுவரில் தொங்கிய சிவப்பு எண் பலகை 3,996 என்று பல்லிளித்தது. இத்தனை நாளில் தொட்டியை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர்தான் எண்ணிவிட்டதே!

நடந்தது சாம்பார் கதைதான். கணக்கைக் கூட்ட என் புரோகிராம் செய்தது இது: மெமரியிலிருந்து பழைய எண்ணை எடு. ஒன்றைக் கூட்டு. சுவர்ப் பலகைக்கு அனுப்பு. திரும்ப மெமரியில் வை. முதல் லைனுக்காக ஒரு ப்ராஸஸர் 2,516ஐ எடுத்து 2,517 ஆக்கிப் பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் இரண்டாவது லைனில் ஒரு பீஸ் விழ, இன்னொரு ப்ராஸஸரும் மெமரியில் அதே 2,516ஐப் பார்க்கிறது. அதுவும் 2,517 என்று எழுதுகிறது. விழுந்தது இரண்டு, ஏறியது ஒன்று. அம்மாவும் மனைவியும் சேர்ந்து உப்பைக் கூட்டினார்கள். என் ப்ராஸஸர்கள் சேர்ந்து ஒரு பீஸைத் தின்றுவிட்டன.

பழைய கம்ப்யூட்டரில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே ஒரே சமையல்காரர். "முடிகிறவரை கூப்பிடாதே" என்று இன்டரப்டை அடைத்துவிட்டால் போதும். நான் அதைத்தான் செய்திருந்தேன். இரண்டு ப்ராஸஸர் இருக்கும்போது ஒன்றின் காதை அடைத்தால் மற்றது சும்மா இருக்குமா?

இதற்கு வைத்தியம் 1960களிலேயே உண்டு. ஹாலந்துக்காரர் டைக்ஸ்ட்ரா ஒரு வழி சொல்லி, அதற்கு ரயில்வே கைகாட்டியின் பெயரையே வைத்தார்: செமஃபோர். நம் மீட்டர்கேஜ் ரயிலில் பார்த்திருப்பீர்கள். ஒற்றைத் தண்டவாளத்தில், பிரம்பு வளையத்தில் கோத்த டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். டோக்கன் ஒன்றுதான், ஆகவே வண்டியும் ஒன்றுதான்.

ஆனால் பூட்டு போடுவதிலும் அளவு வேண்டும். லினக்ஸ் பல ப்ராஸஸர்களுக்கு மாறிய 1996ல் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. பத்துக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் உள்ள திருவல்லிக்கேணி வீடு மாதிரி. பாதுகாப்பு உண்டு, வாசலில் வாளியோடு கியூவும் உண்டு. அதைச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்து, பெரிய பூட்டைக் கடைசியாக எறிந்தது 2011ல்.

பூட்டே இல்லாமல் படிக்கிற வித்தையும் இருக்கிறது: ஆர்.சி.யூ. 2002ல் லினக்ஸுக்குள் வந்தது. அமெரிக்கர் பால் மெக்கென்னியோடு அதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு தீபங்கர் சர்மா. தண்டலம் டீக்கடைக்காரர் விலை ஏற்றுவது போலத்தான் அது. பழைய விலைப் பலகையை அழிக்க மாட்டார். புதிதாக ஒன்று எழுதி, ஒரே நொடியில் மாற்றி மாட்டுவார். பழைய விலை பார்த்து டீ சொன்னவர்கள் பழைய விலை கொடுப்பார்கள். அவர்களில் கடைசி ஆள் கிளாஸை வைத்த பிறகுதான் பழைய பலகை அடுப்புக்குப் போகும். கெர்னலும் அப்படித்தான். பழைய பிரதியைப் படிக்கும் கடைசி ஆள் வெளியேறிய பிறகே அந்த மெமரியை விடுவிக்கும்.

எனக்கு இவ்வளவு பெரிய வித்தை தேவைப்படவில்லை. ஒரு சின்ன ஸ்பின்லாக். ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர் வாசலில் நின்று "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பூட்ட ஒரு வரி, திறக்க ஒரு வரி. பலகைக்கு அனுப்புவதைப் பூட்டுக்கு வெளியே தள்ளினேன். மறுநாள் 4,000.

சில்லறை விஷயம் என்று நினைக்க வேண்டாம். தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின் 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிக் கதிரைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று இதே ஜாதித் தப்பு. அங்கேயும் நோயாளிகள் "சுடுகிறது" என்று அலறினார்கள். மெஷின் சொன்னதைத்தான் முதலில் நம்பினார்கள்.

மானேஜரிடம் போய், "தப்பு என்னோடது. பையன் எடுக்கல" என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாதா சார்?"

"ஒரு ஆளா இருந்தா தெரியும். ரெண்டு ஆளானா சொல்லிக்கொடுக்கணும்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். என் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான். பையனைக் கூப்பிட்டு "சரி, போ" என்றார்கள். அதுதான் மன்னிப்பு.

எங்கள் வீட்டில் இப்போது சட்டம் போட்டாயிற்று. கரண்டி யார் கையிலோ, உப்பு அவர் பொறுப்பு. சாம்பார் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் நான் கேட்டருகே நின்றிருந்தேன். ஷிஃப்ட் விட்டது. இனி அவனைச் சோதிக்க வேண்டாம் என்று செக்யூரிட்டிக்குச் சொல்லியாயிற்று. அவனிடமும் சொல்லியாயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன் வந்தான். நின்றான். பழக்கதோஷத்தில் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினான்.