டோக்கனுக்குள் ஒரு பிறந்த திகதி

தோப்பூர், ஏப்ரல் 4

இணையச் செயலியில் ஒருவர் உள்நுழைந்ததும் சேவையகம் ஒரு டோக்கனைக் கொடுத்துவிடும். அதன் பிறகு கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதுதான் பேசும். ஜேடபிள்யூடி என்று பெயர். 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 ஆக வெளிவந்த தரம். புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகள், வாசிக்க முடியாத எழுத்துக் குவியல். பார்த்தால் பூட்டிய பெட்டிபோலத் தெரியும். பூட்டு எதுவும் இல்லை. பேஸ்64 எழுத்துமாற்றம் மட்டுமே, சாவியில்லாமல் எவரும் விரித்து வாசிக்கலாம். கடைசித் துண்டிலுள்ள கையொப்பம் உள்ளடக்கம் மாறவில்லை என்று உறுதி சொல்லும். மறைக்காது.

இலங்கையில் இது சின்ன விஷயமல்ல. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே டோக்கனில் வைத்தால், 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை. பெண்ணென்றால் அதோடு 500 கூடியிருக்கும். 1995532 என்று தொடங்கினால் 1995 பெப்ரவரி 1 இல் பிறந்த ஒரு பெண். தோப்பூரிலோ மூதூரிலோ இருக்கும் ஒரு மாணவியின் விவரம், பதிவுக் கோப்பைத் திறக்கும் யார் கண்ணிலும் படும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் இது நடக்கவே கூடாது.

ஏப்ரல் 5

மறைப்பதற்கென்று இருப்பது ஜேடபிள்யூஇ, ஆர்எஃப்சி 7516. ஐந்து துண்டுகள். எழுதுகிற இடத்திலும் வாசிக்கிற இடத்திலும் ஒரே சாவி இருந்தால் 'டிர்' (நேரடிச் சாவி) முறை போதும்; ஏஇஎஸ்-256 ஜிசிஎம் மறைகுறியாக்கத்துக்குச் சாவி 32 பைட். சாவி டோக்கனோடு பயணிக்காததால் இரண்டாம் துண்டு வெறுமையாகி, இரண்டு புள்ளிகள் ஒட்டி நிற்கும். எந்த அல்காரிதத்தை ஏற்பது என்பதை வாசிக்கும் நிரல்தான் தீர்மானிக்க வேண்டும், டோக்கனின் தலைப்பு அல்ல. தலைப்பில் அல்காரிதம் 'நன்' (எதுவுமில்லை) என்றிருந்தால் கையொப்பமே இல்லாத டோக்கனைச் சில நூலகங்கள் ஏற்றுக்கொண்டது 2015 இல் அம்பலமானது.

ஏப்ரல் 9

1942 இல் இதே நாளில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசின. இங்கிருந்து கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்தான் அந்தத் துறைமுகம். அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது.

இலங்கைமீது தாக்குதல் வரப்போவது கொழும்பிலிருந்த பிரித்தானியக் குறியுடைப்பாளர்களுக்கு மார்ச் இறுதியிலேயே தெரிந்திருந்தது. ஜப்பானியக் கடற்படையின் ஜேஎன்-25 முறையில் சொற்கள் ஐந்திலக்க எண்களாகும். அவற்றின்மேல் இன்னொரு புத்தகத்திலுள்ள எண்வரிசையைக் கூட்டி அனுப்புவார்கள். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே புத்தகம். ஒரே எண்வரிசை பல செய்திகளுக்குப் பயன்பட்டபோது, அவற்றை அடுக்கி ஒப்பிட்டே உடைத்தார்கள்.

ஜிசிஎம் இடறுவதும் இங்கேதான். ஒவ்வொரு டோக்கனுக்கும் 12 பைட் தொடக்க எண் புதிதாக வேண்டும். ஒரே சாவியோடு அது இருமுறை வந்தால் இரு டோக்கன்களின் உள்ளடக்கமும் கசியும், போலி டோக்கன் செய்யவும் வழி திறக்கும். நல்ல நூலகம் அதைத் தானே உருவாக்கும். நிரலில் நிலையான எண்ணை எழுதி வைப்பது ஆபத்து.

ஏப்ரல் 10

சாவியைத் தற்போக்கு எண் உருவாக்கியில் எடுங்கள். ஊர்ப்பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் சாவியாகாது. டோக்கனின் ஆயுளைக் குறுக்குங்கள். சாவியை நிரலோடு 'கிட்' பதிப்புக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் கோப்பை அழிப்பது போதாது, பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கே சாவியை மாற்றிவிடுங்கள்.