ஆள் வருது பாஸ்... ஆள் வருது!

பிள்ளையார்பாளையத்துல அலாரம் வெச்சு எழுந்திரிக்கிற பழக்கமே கிடையாது பாஸ். பக்கத்து வீட்டுத் தறி 'டடக்... டடக்'னு ஆரம்பிச்சா விடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். நாலு இட்லியை உள்ளே தள்ளிட்டு, கைலாசநாதர் கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுட்டு, சைக்கிளை விரட்டினா காஞ்சிபுரம் ஸ்டேஷன். திருமால்பூர்லேர்ந்து வர்ற மின்சார ரயில்ல ஏறினா தாம்பரம். அங்கேதான் நம்ம காலேஜ்.

உங்களுக்கும் இப்படி ஒரு கூட்டணி இருக்கும். நான் காஞ்சிபுரம், ஒருத்தன் வாலாஜாபாத், இன்னொருத்தன் பாலூர். மூணு ஸ்டேஷன், மூணு சீட், ஒரே ஜன்னல். முதல்ல ஏறுறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். ஒரு சீட்ல பை, இன்னொண்ணுல கர்ச்சீப். யாராவது முறைச்சா, 'ஆள் வருது!' வாலாஜாபாத்துக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு ரிங்னா முன் பெட்டி, ரெண்டு ரிங்னா பின் பெட்டி. பழையசீவரத்துல பாலாறு தெரியும்போது மூணாவது சீட்டுக்குச் சண்டை உச்சத்துல இருக்கும்!

சீசன் டிக்கெட் பயணம் பண்ணத்தான், சீட்டுக்கு இல்லைன்னு நமக்கே தெரியும். ரிசர்வேஷன் ரயில்லேயும் இதே தலைவலிதான். ஒரு டிக்கெட்ல 6 பேர் வரைக்கும் போகலாம், ஆனா ஏறுற ஸ்டேஷன் ஒண்ணுதான் குறிக்க முடியும். வழியில ஏறுற நண்பனைப் பத்தி டி.டி.இ.கிட்ட முன்னாடியே சொல்லலைன்னா, 'வரலை'ன்னு எழுதி வேற ஆளுக்குக் கொடுத்துட வாய்ப்பு இருக்கு.

போன செமஸ்டர்ல ஒரு திங்கட்கிழமை. வாலாஜாபாத்ல ஒரு பாட்டி ஏறினாங்க. "தம்பி, இங்க யாராச்சும் வர்றாங்களா?" வாய் தானா சொல்லிச்சு, "ஆள் வருது பாட்டி." பாலூர் வந்துச்சு. அவன் வரலை. செங்கல்பட்டு வரைக்கும் கர்ச்சீப் உட்கார்ந்து வந்துச்சு, பாட்டி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. செவ்வாய்க்கிழமையும் அவன் வரலை. புதன்கிழமை போன் வந்துச்சு. ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேர்ந்துட்டானாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஃபீஸ் கட்ட வழியில்லை. கடைசியா ஒண்ணு சொன்னான். "என் சீட்டை யாருக்காச்சும் குடுத்துடுங்கடா."

அன்னிக்கு வீட்டுக்கு வந்து தறியைப் பார்த்தேன். எங்க வீட்ல குழித்தறி. கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். மூணு நாடா ஓடணும். நடுவுல அப்பா, ஓரத்துல கரைக்கு நாடா தள்ள அம்மா. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கொடுத்தாங்களே, அந்தப் பெருமையில பாதி ஓரத்துல உட்கார்றவங்களோடது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனா அப்பா சும்மாதான் உட்கார்ந்திருப்பார். "தனியா கோர்வை போட முடியாதுடா"ன்னார், நான் கேட்காமலே.

அடுத்த சனிக்கிழமை நானும் வாலாஜாபாத்தும் பாலூர்ல இறங்கினோம். கையில நோட்ஸ், தொலைதூரக் கல்வி விண்ணப்பம். அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கக் கலக்கத்துல வந்தான். விண்ணப்பத்தைப் பார்த்தவன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் பேனா கேட்டான்.

இப்பவும் கர்ச்சீப் போடுறேன், பொய் சொல்லலை. ஆனா வாலாஜாபாத் வரைக்கும்தான். அதுக்கப்புறம் நிக்கிறவங்களுக்குத்தான் அந்த சீட். அந்தப் பாட்டி ஒரு நாள் அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாங்க. "ஆள் வருதுன்னியே, வந்துச்சா?"

"மாசத்துல ரெண்டு சனிக்கிழமை நாங்களே போறோம் பாட்டி"ன்னேன்.

உங்க பெட்டியிலயும் ஒரு கர்ச்சீப் இருக்கும். அதுக்குரிய ஆள் ரெண்டு நாளா வரலையா? சீட்டை எழுந்து கொடுங்க, சாயங்காலம் அவன் ஸ்டேஷன்ல இறங்கிப் பாருங்க பாஸ்!