புல்லட்டைக் கொடுத்து மீட்டியோர் வாங்கினேன்

புல்லட்டைக் கொடுத்துவிட்டு மீட்டியோர் 350 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. விஷயம் தெரிந்த நண்பர்கள் எல்லோரும் கேட்டது இரண்டே கேள்விகள்தான். ஒன்று, "அதைக் கொடுக்க எப்படிய்யா மனசு வந்துச்சு?" இரண்டு, "புதுசு வாங்கினா வாங்கிட்டுப் போ, பழசும் ஒரு ஓரமா நிக்கட்டுமே?" போனில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. முழுக்கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு வயது 67. இந்த வயதில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள், ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் யாருக்காவது உதவினால் சரி.

முதலில் பழைய வண்டி. 1996-ல் வாங்கிய புல்லட் 350. டிஎன் 59, மதுரை வடக்கு. இளவட்டங்கள் "காஸ்ட் அயர்ன்" என்று பக்தியோடு சொல்லும் வார்ப்பிரும்பு எஞ்சின். 346 சிசி, 18 பிஎச்பி, நான்கு கியர். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். அந்த நீண்ட ஓட்டமும் உள்ளே சுற்றும் கனமான ஃப்ளைவீலும்தான் "டப் டப்" என்ற அந்தச் சத்தத்துக்குக் காரணம். நமது ராணுவம் 1950களின் தொடக்கத்தில் இந்த வண்டியை வாங்க ஆரம்பித்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாரான அந்த எஞ்சினின் அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்குப் பெரிதாக மாறவே இல்லை. ரெட்டிச் கம்பெனி மூடிய பிறகும் நம் ஊர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

புதியது, அதே கம்பெனி 2020 நவம்பரில் கொண்டுவந்த மீட்டியோர் 350. 1950களில் ரெட்டிச்சில் இதே பெயரில் 700 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்று இருந்தது. பெயரை மட்டும்தான் அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். இதில் ஒரே சிலிண்டர், 349 சிசி, 20.2 பிஎச்பி, ஐந்து கியர். காகிதத்தில் பார்த்தால் மூன்று சிசியும் இரண்டு குதிரையும்தான் வித்தியாசம். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சாதி.

மாற்றவேண்டிய காரணம் என் வலது முழங்கால். புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு முறை. டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற இடம் பார்த்து, விட்டு, முழு எடையோடு ஒரே மிதி. இடம் சரியாக இருந்தால் முதல் உதையிலேயே எடுக்கும். தவறினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். முப்பத்தேழு வயதில் அது ஒரு பெருமை. அறுபத்தேழில், ஒவ்வொரு டீக்கடையில் நிற்கும்போதும் "மறுபடி உதைக்கணுமே" என்ற யோசனை வந்தது. டீ குடிக்காமலே போக ஆரம்பித்தேன். டீக்கடையில் நிற்காத பயணம் என்ன பயணம்?

சரி, இரண்டையும் மூன்று விதமான சாலையில் வைத்து எடை போட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது நான்குவழிச் சாலை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர். புல்லட்டுக்குப் பிடித்த வேகம் 60, 65. அதற்கு மேல் முறுக்கினால் ஓடும், ஆனால் உள்ளங்கை மரத்துவிடும். ஒற்றைச் சிலிண்டர் பெரிய எஞ்சின் எதுவானாலும் பிஸ்டன் ஏறி இறங்கும் உலுக்கல் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும், ஓட்டுகிறவன் கைக்கும் முதுகுக்கும் வந்து சேரும். மீட்டியோரில் பேலன்சர் ஷாஃப்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் எதிர்த் திசையில் ஒரு எடை சுற்றி, உலுக்கலின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. 80-ல் போகும்போது கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. 60-ல் போகிறவனை லாரியும் பஸ்ஸும் ஓரத்துக்குத் தள்ளும் சாலையில் இந்த 20 கிலோமீட்டர் வேகம் சொகுசுக்காக இல்லை, பாதுகாப்புக்காக. இந்தச் சாலையில் மீட்டியோருக்கே என் ஓட்டு.

இரண்டாவது மலை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி வழியாகப் போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது புல்லட்டை இரண்டாவது கியரில் விட்டால் போதும், யானை மாதிரி அவசரமில்லாமல் ஏறும். சத்தம் பாறையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே போவது ஒரு தனி சுகம். மீட்டியோரும் அலட்டாமல் ஏறுகிறது, ஆனால் கியரை அடிக்கடி கவனிக்கச் சொல்கிறது. இறங்கும்போது கதை மாறிவிடும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். அதனால் முந்தல் வந்து சேரும்வரை எஞ்சினையே பிரேக்காக வைத்து இறக்குவேன். புதியதில் முன்னும் பின்னும் டிஸ்க், ஏபிஎஸ். 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஏற்றம் புல்லட்டுக்கு, இறக்கம் மீட்டியோருக்கு. என் வயதில் இறக்கத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

மூன்றாவது கிராமத்துச் சாலை. பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் தை மாதம் போனவர்களுக்குத் தெரியும். கொள்ளுச் செடியையும் தட்டைப்பயறையும் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள், போகிற வண்டிகள்தான் கதிரடிக்கும் கருவி. அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் அங்கே நன்றாகக் கை கொடுக்கிறது. ஆனால் குண்டும் குழியுமான இடங்களில் புல்லட்தான் ராஜா. அதில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்குக் கீழே இருக்கும், பள்ளம் வந்தால் லேசாக எழுந்து நின்றுகொள்ளலாம். மீட்டியோரில் கால் முன்னால் நீட்டியிருக்கும். முழங்காலுக்கு அது வரம், இடுப்புக்குச் சாபம். எழுந்து நிற்க முடியாது, பள்ளத்தின் அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். எடையும் 191 கிலோ. பழையதைவிட இருபது இருபத்தைந்து கிலோ கூடுதல். வீட்டு வாசல் ராம்ப்பில் பின்னுக்குத் தள்ளும்போது அது தெரிகிறது. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான் என்பதால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகின்றன. அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. பழசையும் ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

பதில் என் கால்களில் இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மீட்டியோரில் கியர் இடது கால், பிரேக் வலது கால். முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பக்கமும் தலைகீழ், திசையும் தலைகீழ். 1970களின் நடுவில் அமெரிக்கா இடதுகால் கியர்தான் என்று விதி செய்தது. உலகம் முழுக்க அதற்கு மாறியது. நம் புல்லட் மட்டும் இன்னும் பல வருடம் தன் வழியிலேயே போனது. முப்பது வருடத்துக்கு அருகில் என் கால்கள் பேசிய மொழி அது.

சாதாரணமாக ஓட்டும்போது யோசித்து ஓட்டிவிடலாம். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தால் கால் யோசிக்காது. பழகிய இடத்தில் மிதிக்கும். அந்த இடத்தில் பிரேக்குக்குப் பதில் கியர் இருந்தால்? திங்கட்கிழமை ஒரு மொழி, செவ்வாய்க்கிழமை இன்னொரு மொழி என்று கால்களைக் குழப்புவது இருபத்தைந்து வயதுக்காரன் செய்யலாம். நான் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று முடிவு செய்தேன்.

புதியதைக் கொண்டுவந்ததும் நேராக ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் இருபது நாள் ஓட்டினேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கியர் போடு, நிறுத்து, மறுபடி கிளப்பு. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் இரண்டாவது வாரம் வந்து, "சார், லைசென்ஸ் டெஸ்ட்டா?" என்று கேட்டார். "ஆமாங்க, எனக்கு நானே வச்சுக்கிட்ட டெஸ்ட்" என்றேன். அப்போது ஒன்று புரிந்தது. கால்தான் மாறியிருக்கிறதே தவிர, முன் பிரேக் இரண்டு வண்டியிலும் வலது கையில்தான். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அதனால் ஆபத்தில் கையை நம்பப் பழகினேன். என்னைப் போல வலதுகால் கியரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பாடம் இதுதான்.

கைமாறிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்து இளைஞர் ஒருவர், முப்பதைத் தாண்டியவர், 2021 மாடல் மீட்டியோர் வைத்திருந்தார். அவருக்குக் காஸ்ட் அயர்ன் புல்லட் மீது தீராத ஆசை. மெக்கானிக் மூலம் பேச்சு வந்தது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருந்ததால், பழைய மீட்டியோரின் விலையும் கொஞ்சம் இறங்கிப் பேச இடம் கொடுத்தது. என் புல்லட்டோடு 45,000 ரூபாய் கொடுத்தேன். படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்து. இன்சூரன்ஸைப் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். என் வண்டிக்கு 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஆர்சி புதுப்பித்தாயிற்று, அடுத்தது 2026. இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரம் ஆனது. 2025-ல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2000 என்று ஆக்கினார்கள். அந்தத் தம்பி இதையெல்லாம் கேட்டும் அசரவில்லை. அரை நாள் என்னோடு உட்கார்ந்து டீகம்ப்ரசர், ஆம்ப்மீட்டர் முள், பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும் விதம் எல்லாம் கற்றுக்கொண்டார். ஏழாவது உதையில் கிளப்பிவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், வண்டி சரியான கைக்குப் போகிறது என்று தோன்றியது.

வருத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வண்டிக்காக மட்டும் இல்லை. பழைய புல்லட் எந்த ஊரில் நின்றாலும் ஒரு மரத்தடி மெக்கானிக் கிடைப்பார். ஸ்பேனரும் உப்புத்தாளும் போதும். மீட்டியோரில் கிக்கரே கிடையாது. பெட்ரோலைப் பீய்ச்சுவதும் கம்ப்யூட்டர்தான். பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். என் மெக்கானிக் சாவியை வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டிதான் சார். ஆனா இதுக்கு நான் எதுக்கு?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் போனால் செயினுக்கு எண்ணெய் போடுங்கள் என்று நிறுத்துகிறேன். நானே போட்டுக்கொள்ள முடியும் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டு அம்மாவின் தீர்ப்பையும் எழுதாவிட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. அழகர்கோவில் போய்த் திரும்பும்போது பின்னாலிருந்து, "ஏங்க, இதுல பேசிக்கிட்டே வர முடியுதுங்க" என்றாள். இத்தனை வருடம் புல்லட் சத்தத்தில் நாங்கள் பேசியதே இல்லை. இது வரவா செலவா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, வண்டி பார்க்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு. ஷோரூம் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் இருபது கிலோமீட்டரில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள், கடைசி இருபதில் உங்கள் கை, கால், முதுகு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இறங்கி நின்றதும் "இன்னொரு டீ குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம் போகலாமா" என்று தோன்றினால் அது உங்கள் வண்டி. புல்லட் எனக்கு ரொம்ப காலம் அப்படி இருந்தது. இப்போது மீட்டியோர் அப்படி இருக்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒருமுறை ஓட்டிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.